பிசிடி வாங்கும் முன் ஈயத்தை எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. சென்னையில் இருக்கிறேன். உயரம் 157 செ.மீ., எடை 54 கிலோ. புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் தொடக்கப் பயிற்சியான ஓபன் வாட்டர் முடித்து இதுவரை 18 டைவ் போயிருக்கிறேன். பிப்ரவரியில் அந்தமான் ஹேவ்லாக்கில் அட்வான்ஸ்டு படிக்கப் போகிறேன். வாடகைக்குத் தரும் பிசிடி (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் உடுப்பு) எதுவும் எனக்குப் பொருந்துவதில்லை. மேலே வந்து காற்றடித்தால் காதுவரை ஏறிக்கொள்கிறது, விலாவை நெரிக்கிறது. 3 மி.மீ. வெட்சூட்டுக்கு (உடம்பைக் குளிராமல் காக்கும் ரப்பர் உடை), அமிழ்வதற்காக 6 கிலோ ஈயம் பெல்ட்டில் கட்டுகிறார்கள். கடைக்காரர் 20 கிலோ லிஃப்ட் (பை தரக்கூடிய மிதப்பு) உள்ள ஜாக்கெட்டைக் காட்டி, லிஃப்ட் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு பாதுகாப்பு என்கிறார். கூட டைவ் வரும் நண்பர், முதுகுத் தகட்டில் பொருத்தும் காற்றுப்பையான விங்தான் வாங்க வேண்டும் என்கிறார். தோழி ஒருத்தி எட்டு வருடப் பழைய ஜாக்கெட்டைப் பாதி விலைக்குத் தருகிறாள். எதை வாங்குவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் உடல்வாகுக்கும் நீங்கள் இறங்கும் கடலுக்கும் 10 முதல் 14 கிலோ லிஃப்ட் உள்ள, மிகச் சிறிய அல்லது சிறிய அளவு பிசிடி போதும். காற்றுப்பை முதுகுப் பக்கம் மட்டும் இருக்கும் ‘முதுகுப்பை’ வகையை முதலில் போட்டுப் பாருங்கள். அது ஒத்துவராவிட்டால் பெண்களுக்கென்று வெட்டித் தைத்த ஜாக்கெட். 20 கிலோ ஜாக்கெட் உங்களுக்கு வேண்டாம். தோழியின் ஜாக்கெட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் எதை வாங்குவதானாலும் அதற்கு முன் உங்கள் 6 கிலோ ஈயம் சரிதானா என்று பார்த்துவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த எண்தான்.

பிசிடி உங்களைத் தூக்கிச் சுமக்கும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை அதைவிடச் சிறியது. டைவ் நடக்கும்போது மாறுகிற மிதப்பை மட்டும் அது ஈடுகட்ட வேண்டும். மாறுபவை இரண்டே. ஒன்று, நீங்கள் மூச்சாக இழுத்துத் தீர்க்கும் காற்றின் எடை. நம் பக்கம் டைவ் சென்டர்களில் பரவலாக இருப்பது 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் அதற்குள் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம், ஆக 2.6 கிலோவுக்கு மேல். 50 பாரில் மேலே வருகிறீர்கள் என்றால் அதில் 2 கிலோ தீர்ந்திருக்கும். அதனால்தான் அலுமினிய சிலிண்டர் நிறைந்திருக்கும்போது தண்ணீரில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் கனக்கிறது, காலியானதும் ஏறக்குறைய 2 கிலோ மிதப்பு காட்டுகிறது.

இரண்டாவது, வெட்சூட். அந்த ரப்பருக்குள் இருப்பவை நுண்ணிய வாயுக் குமிழிகள். 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், 20 மீட்டரில் 3 பார். குமிழிகள் அதற்கேற்பச் சுருங்கும். உங்கள் அளவில் ஒரு முழு 3 மி.மீ. சூட் மேற்பரப்பில் ஒன்றரை, இரண்டு கிலோ மிதக்கும் என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டரில் அதில் ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும்.

இரண்டையும் கூட்டுங்கள். டைவின் தொடக்கத்தில், சிலிண்டர் நிறைந்திருக்கையில், 20 மீட்டர் அடியில் பிசிடி ஈடுகட்ட வேண்டியது மூன்று, மூன்றரைக் கிலோ. மேலே வந்தபின் தலையும் கழுத்தும் தண்ணீருக்கு வெளியே நிற்க இன்னொரு நான்கைந்து கிலோ. ஆக ஏழு முதல் எட்டரைக் கிலோ. கையில் கேமரா இருந்தாலோ, துணை டைவரைச் சற்றுத் தாங்க வேண்டி வந்தாலோ அதற்கும் சேர்த்து 11, 12 கிலோ இருந்தால் தாராளம். 20 கிலோ லிஃப்ட் என்பது குளிர்க் கடலில் 7 மி.மீ. சூட்டும் பத்துக் கிலோவுக்கு மேல் ஈயமும் போட்டு இறங்குபவர்களுக்கும் பெரிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் உரியது.

கூடுதல் லிஃப்ட் கூடுதல் பாதுகாப்பு என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இருக்கிறது. ஈயம் தேவைக்கு மேல் 3 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். அதை ஈடுகட்ட 10 மீட்டரில் பைக்குள் ஏறக்குறைய 3 லிட்டர் காற்று எப்போதும் உருண்டுகொண்டிருக்கும். நீங்கள் கவனிக்காமல் 5 மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் 2 பாரிலிருந்து ஒன்றரை பார் ஆகிறது. அந்த 3 லிட்டர் 4 லிட்டர் ஆகிறது. ஒரு கிலோ மிதப்பு தானாகக் கூடி உங்களை இன்னும் மேலே இழுக்கும். பயந்து எல்லாவற்றையும் வெளியேற்றினால் அதே 3 கிலோ ஈயம் உங்களைக் கீழே இழுக்கும். இப்படி ஏறி இறங்கித் தவிப்பவர்கள் தங்களுக்கு மிதப்புக் கட்டுப்பாடு வரவில்லை என்று நொந்துகொள்கிறார்கள். ஈயம் சரியாக இருந்தால், டைவின் முடிவில் அதே ஆளுக்குப் பைக்குள் ஒரு லிட்டர்தான் இருக்கும். 5 மீட்டர் ஏறினாலும் அது விரிவது ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அதை மூச்சாலேயே சமாளித்துவிடலாம். பெரிய பை இந்தத் தவறை மறைத்து வைக்கிறது. அதுதான் அதன் ஆபத்து.

உங்கள் பயிற்சியாளரைக் குறை சொல்லவில்லை. புதிதாக இறங்குபவர்கள் பாதி நெஞ்சுக் காற்றை உள்ளேயே வைத்திருப்பார்கள், காலில் மாட்டிய துடுப்பை நிறுத்தாமல் அடிப்பார்கள். கீழே போகவே மாட்டார்கள். மெத்தை வைத்துத் தைத்த வாடகை ஜாக்கெட்டே ஒன்றிரண்டு கிலோ மிதக்கும். அதனால் முதல் டைவ்களில் ஈயத்தைக் கூட்டுவது நடைமுறை. 18 டைவ் போன பிறகும் அதே 6 கிலோவைக் கட்டிக்கொண்டிருப்பதைத்தான் நிறுத்த வேண்டும்.

சோதனை எளிது. அடுத்த முறை புதுச்சேரியில் இறங்கும்போது, டைவ் முடிந்து சிலிண்டரில் 50 பார் இருக்கையில், படகுக் கயிற்றுக்குப் பக்கத்தில் நேராக நில்லுங்கள். மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். பிசிடியை முழுவதும் காலி செய்யுங்கள். பைக்குள் காற்றை ஏற்றவும் இறக்கவும் உள்ள இன்ஃப்ளேட்டர் குழாயைத் தலைக்கு மேல் தூக்கி, இடது தோளைச் சற்று உயர்த்திப் பிடித்தால்தான் கடைசிக் காற்றும் போகும். துடுப்பு அசையக் கூடாது. கணுக்காலைக் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். இயல்பாக ஒரு மூச்சு இழுத்துச் சில நொடி நிறுத்தினால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். மூச்சு உள்ளே இருக்கும்போதே தலை முழுகினால் அரைக் கிலோ, அரைக் கிலோவாகக் குறையுங்கள். மூச்சை நிறுத்துவது இந்தச் சோதனைக்காக மேற்பரப்பில் மட்டும்தான். தொடக்கத்தில் நிறைந்த சிலிண்டரோடு செய்தால், வரும் விடையோடு 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். நீச்சல் குளத்தில் செய்து அந்த எண்ணைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். உப்புத் தண்ணீர் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது, உங்களுக்கு அது ஏறக்குறைய 2 கிலோ வித்தியாசம். உங்கள் விடை 4 கிலோவை ஒட்டி வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி உங்கள் உண்மையான தொல்லைக்கு வருவோம். பிசிடி காதுவரை ஏன் ஏறுகிறது? காற்றடித்த பை மேலே போகப் பார்க்கிறது. உங்கள் உடம்பும், இடுப்பில் தனியாகக் கட்டிய 6 கிலோ ஈயமும் கீழே போகப் பார்க்கின்றன. இந்த இரண்டையும் பிணைப்பது பிசிடியின் இடுப்புப் பட்டை ஒன்றே. வாடகைக்கு வரும் நடுத்தர அளவில் அந்தப் பட்டையை முழுக்க இழுத்தாலும் உங்கள் இடுப்பில் அது தொளதொளவென்றுதான் இருக்கும். அதோடு முதுகுப் பலகையும் உங்கள் உடம்புக்கு நீளம். ஆகவே பை வழுக்கி மேலே வந்து தோளில் முட்டுகிறது. விலா நெரிவது வேறு காரணத்தால். ஜாக்கெட் வகையில் காற்றுப்பை முதுகிலிருந்து அக்குள் வழியாக முன்பக்கம் வரை சுற்றி வருகிறது. ஊதும்போது அது வெளிப்பக்கம் மட்டுமல்ல, உள்பக்கமும் உப்பும். மூச்சு முட்டுவது போல இருக்கும். அளவு பொருந்தினால் இது குறையும். சுற்றிவரும் பை இருக்கும்வரை முழுவதும் போகாது.

அளவு பார்க்கும்போது உயரத்தையும் எடையையும் மட்டும் நம்ப வேண்டாம். கழுத்தின் பின்னால் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை முதுகை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இந்த நீளம் நான்கு விரல்கூட மாறும். பிறகு கடையில், உங்கள் வெட்சூட்டைப் போட்டுக்கொண்டு, சிலிண்டர் மாட்டிய நிலையில் பிசிடியை அணியுங்கள். வெறும் பிசிடியைச் சட்டை போலப் போட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. அதிக அழுத்த வால்வு தானாகத் திறந்து சீறும்வரை காற்றடியுங்கள். இப்போது ஆழமாக மூச்சிழுக்க முடிகிறதா? தலையைப் பின்னால் சாய்த்தால் ரெகுலேட்டரின் முதல் நிலையில் (சிலிண்டர் வால்வில் மாட்டும் பகுதி) மண்டை இடிக்கிறதா? பிசிடியின் தோள் வாருக்கும் உங்கள் தோளுக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் புகக் கூடாது. ஒருவரைப் பின்னால் நின்று சிலிண்டரோடு சேர்த்துத் தூக்கச் சொல்லுங்கள். பிசிடி மட்டும் எழுந்து உங்கள் உடம்பு அப்படியே நின்றால் அளவு பெரிது. இடுப்புப் பட்டையை நன்றாக இழுத்த பிறகும் இரண்டு பக்கமும் இன்னும் சில செ.மீ. இழுக்க இடம் இருக்க வேண்டும். சூட் இல்லாமல் வெறும் ராஷ்கார்டோடு (மெல்லிய நீச்சல் சட்டை) இறங்கும் நாளில் அந்த இடம் தேவைப்படும். தண்ணீருக்குள் சூட் சுருங்கும்போதும் தேவைப்படும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வால்வையும் தேடிப் பாருங்கள். தோளில் ஒன்று, பின்பக்கம் கீழே ஒன்று, இன்ஃப்ளேட்டரில் இரண்டு பொத்தான்கள். பின்பக்க வால்வின் கயிற்று முடிச்சு உங்கள் கைக்கு எட்டாவிட்டால் அந்த வால்வு உங்களைப் பொறுத்தவரை இல்லை என்றே அர்த்தம். குட்டையான கை உள்ளவர்களுக்கு இந்த ஓர் இடத்தில்தான் பல மாடல்கள் தோற்றுப்போகின்றன. இன்ஃப்ளேட்டர் குழாய் அளவுக்கு மீறி நீளமாக இருந்தாலும் தொல்லை. தொங்கிக்கொண்டு பவளத்தில் இடிக்கும். வாயால் ஊதவும் முடிகிறதா என்று அங்கேயே ஊதிப் பாருங்கள்.

ஜாக்கெட், முதுகுப்பை, விங் என்ற மூன்றில் உங்கள் நண்பர் சொல்லும் விங் நல்ல சாதனம். தோள்வழிப் பட்டையோடு சுற்றிவரும் ஜாக்கெட்டை ஸ்கூபாப்ரோ நிறுவனம் 1970களில் கொண்டுவந்தது. அதற்கு முன் பத்து வருடங்களாக, ஃபென்ஸி என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் அழைக்கப்பட்ட, கழுத்தில் மாட்டும் பைதான் புழக்கத்தில் இருந்தது. பேக்பிளேட் என்ற முதுகுத் தகடும் விங்கும் ஃபுளோரிடாவின் நீர்க்குகைகளில் இறங்கியவர்களிடமிருந்து வந்தவை. குகைக்குள் அடிச்சேற்றைக் கலக்காமல் கிடைமட்டமாகப் போக வேண்டும்; அதற்கு மிதப்பு முதுகில் இருக்க வேண்டும். அந்தக் கிடைமட்ட நிலை உங்களுக்கும் வேண்டியதே. கால் தொங்கும்படி நீந்தினால் பவளத்தை உதைப்பீர்கள், காற்றும் சீக்கிரம் தீரும்.

பேக்பிளேட்டில் பட்டை ஒரே ஒரு நீண்ட நாடாதான். உங்கள் உடம்புக்கு ஏற்ப வெட்டி, இழுத்து, ஒருமுறை சரிசெய்தால் அளவுப் பிரச்சினையே இல்லை. தொடையிடைப் பட்டை இருப்பதால் பை ஏறவும் ஏறாது. எஃகுத் தகடு இரண்டரைக் கிலோ இருந்தால் தண்ணீரில் அது 2 கிலோவுக்குச் சற்று மேல் கனக்கும். அந்த அளவு ஈயம் உங்கள் இடுப்பிலிருந்து குறையும். உள்ளூரில் இது வசதி. ஆனால் அந்தமான் விமானத்தில் 15 கிலோதான் பெட்டிக்கு அனுமதி என்றால் எஃகுத் தகடு அதில் ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஒரு கிலோவுக்கும் குறைவான அலுமினியத் தகடுதான் பயணத்துக்கு. இன்னொன்று: பல விங் செட்களில் தோளில் கொக்கி இருக்காது. சின்னப் படகில் ஏறுவதற்காகத் தண்ணீரிலேயே பிசிடியைக் கழற்றிக் கொடுக்கும் இடங்களில், அலையில் ஆடிக்கொண்டே ஒரு தோளை நாடாவிலிருந்து உருவுவது பழகும்வரை சிரமம். பழகியவர் ஒருவர் உடனிருந்து பட்டையைச் சரிசெய்து கொடுத்து, நான்கைந்து டைவ் கூட இறங்குவாரானால் விங் வாங்குங்கள். அப்போதும் ஒற்றை சிலிண்டருக்கான, 11 முதல் 14 கிலோ விங்தான். இரட்டை சிலிண்டருக்கான பெரிய விங்கை ஒற்றை சிலிண்டரில் போட்டால் இரண்டு ஓரமும் மடிந்து சிலிண்டரைச் சுற்றிக்கொள்ளும். காற்று அங்கே சிக்கி வால்வுக்கு வராது.

அப்படி ஒருவர் கூட இல்லையென்றால், முதுகுப்பை வகை உங்களுக்கு நல்ல நடுவழி. விலா நெரியாது, தண்ணீருக்குள் நிலை கிடைமட்டமாக வரும், தோளில் கொக்கியும் இருக்கும். இதன் மேல் சொல்லப்படும் புகார் ஒன்று உண்டு: மேற்பரப்பில் முகத்தை முன்னால் தள்ளும் என்பது. அது உண்மை, ஆனால் பெரும்பாலும் இரண்டு தவறுகளால் வருவது. ஒன்று, மேலே வந்ததும் பை வெடிக்குமளவு காற்றடிப்பது. தாடை தண்ணீருக்கு மேலே நின்றால் போதும், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு, ஈயம் முழுவதையும் வயிற்றுப் பக்கம் வைப்பது. பின்பக்க ஈயப் பைகளுக்கு ஒரு பகுதியை மாற்றிவிட்டு, நாற்காலியில் சாய்வது போலச் சற்றுப் பின்னால் சாய்ந்தால் மிதப்பு நிம்மதியாக இருக்கும்.

இதோடு இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிசிடி எந்த வகையானாலும் உயிர்காப்பு உடுப்பு அல்ல. நினைவிழந்த ஒருவரின் முகத்தை மேல்நோக்கி வைத்திருப்பதாக அது உறுதியளிப்பதில்லை. ஐரோப்பாவின் இ.என். 1809 தரத்தில் வரும் பிசிடிகளும் அப்படித்தான். அந்தத் தர முத்திரை இருப்பது நல்லது. அதோடு வரும் லேபிளில் லிஃப்ட் நியூட்டனில் இருக்கும். 100 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 10 கிலோ. ஒரே மாடலில் அளவுக்கு அளவு லிஃப்ட் மாறும். கடைக்காரர் சொன்ன 20 கிலோ மிகப் பெரிய அளவுக்கு உரிய எண்ணாகவும் இருக்கலாம். கையில் எடுக்கும் பிசிடியின் லேபிளைப் பாருங்கள்.

ஈயத்தைப் பிசிடியிலேயே வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்களுக்கு அது உதவும். பை மேலே ஏறுவதை அந்த எடையே கொஞ்சம் பிடித்து நிறுத்தும். 4 கிலோ தேவை என்றால், 2 கிலோவை இழுத்தால் கழன்றுவரும் முன்பைகளில் பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள். மீதி 2 கிலோவைக் கழலாத பின்பைகளிலோ சிலிண்டர் பட்டையில் கோத்த பைகளிலோ வையுங்கள். எல்லாவற்றையும் கழலும் பைகளில் வைத்தால், ஒரு பை தவறி விழும்போது மொத்தத்தில் பாதி ஒரே நொடியில் போய், கட்டுப்பாடில்லாமல் மேலே எகிறுவீர்கள். கடையிலேயே ஈயத்தைப் போட்டுப் பூட்டி, பிசிடியைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள், விழக் கூடாது. பிறகு ஒரே கையால், ஒரே இழுப்பில் வர வேண்டும். வெறும் வெல்க்ரோவை நம்பிய பூட்டு எனக்குப் பிடிக்காது. உப்பும் மணலும் ஏறியபின் அதன் பிடி தளரும். படகில் ஏறும்போது வரிசை முக்கியம்: பிசிடியில் காற்றடித்த நிலையில், முதலில் ஈயப் பைகளைக் கழற்றிப் படகில் இருப்பவர் கையில் கொடுங்கள், பிறகு பிசிடி, துடுப்பு கடைசியில். ஈயத்தோடு சேர்த்துத் தூக்கினால் படகுக்காரர் பெரும்பாலும் பிடிப்பது அந்தப் பையின் கைப்பிடியைத்தான். அது கையோடு வந்து ஈயம் கடலுக்குப் போகும்.

இன்ஃப்ளேட்டரிலேயே மாற்று ரெகுலேட்டரும் சேர்ந்து வரும் மாடல்கள் உண்டு. குழாய் ஒன்று குறையும் என்பது கவர்ச்சிதான். ஆனால் துணைவருக்குக் காற்று தீர்ந்தால், உங்கள் வாயில் இருக்கும் ரெகுலேட்டரை அவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் இன்ஃப்ளேட்டரிலிருந்து மூச்சிழுக்க வேண்டும். அதே குட்டைக் குழாயால்தான் ஏறும்போது காற்றையும் வெளியேற்ற வேண்டும். உங்கள் அனுபவத்துக்கு அந்தச் சுமை இப்போது தேவையில்லை. சாதாரண இன்ஃப்ளேட்டர், தனி ஆக்டோபஸ் (மாற்று ரெகுலேட்டர்) என்றே இருக்கட்டும்.

துணியைப் பற்றி: லேபிளில் 210, 420, 1000 என்று டெனியர் எண் இருக்கும். 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். எண் கூடினால் நூல் தடிமன். 210 பயணத்துக்கு இலேசு, ஆனால் படகு விளிம்பிலும் சிப்பி ஒட்டிய கயிற்றிலும் உரசும் புதுச்சேரிப் பயன்பாட்டுக்கு 420 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். இரண்டு கிலோவும் சில்லறையும் எடையுள்ள 420 டெனியர் முதுகுப்பை பிசிடி உங்கள் இரண்டு தேவையையும் தீர்க்கும். டி-வளையங்கள் எஃகில் இருக்கட்டும், நான்கு போதும். ஒரு பையாவது மேற்பரப்பு மிதவைக் குழலும் அதன் கயிற்றுச் சுருளும் வைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். புதுச்சேரிக் கடலில் நீரோட்டம் படகிலிருந்து தள்ளிக்கொண்டுபோனால் அலைக்கு நடுவே உங்கள் தலையைவிட அந்த நிறக்குழல்தான் கண்ணில் படும். அதற்கு மேல் கத்தி மாட்டும் துளை, கூடுதல் கொக்கிகள், நிறம் இவற்றுக்கு விலை கூட்டித் தராதீர்கள். இன்ஃப்ளேட்டருக்கும் வால்வுகளுக்கும் மாற்று உதிரிபாகம் அந்தக் கடையிலோ நீங்கள் போகும் டைவ் சென்டரிலோ கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அது கிடைக்காத உயர்ந்த மாடலைவிடக் கிடைக்கிற சாதாரண மாடல் மேல்.

தோழியின் ஜாக்கெட்: அளவு உங்களுக்குப் பொருந்தாவிட்டால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். பொருந்தினால் இப்படிச் சோதியுங்கள். வால்வு சீறும்வரை காற்றடித்து, ஏசி இல்லாத அறையில் நிழலில் ஓர் இரவு வையுங்கள். விடியலில் குளிர்ச்சியால் சற்றுத் தளர்ந்திருக்கலாம்; துவண்டு கிடந்தால் கசிவு. சோப்புத் தண்ணீரைத் தையல்களிலும், தோளில் குழாய் சேரும் முழங்கை வடிவ இணைப்பிலும், வால்வு ஓரங்களிலும் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வால்வு ஓரக் கசிவு பெரிய விஷயமில்லை; பெரும்பாலும் ரப்பர் தட்டின் அடியில் மணல் துகள், உப்பு அல்லது ஒரு தலைமுடி. கழற்றிக் கழுவி, நூல்வரி பிசகாமல் கையால் இறுக்கினால் நின்றுவிடும். தையல் ஓரத்திலோ பையின் நடுவிலோ கசிந்தால் விட்டுவிடுங்கள். வால்வைக் கழற்றிய துளை வழியே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டினாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ அது செத்த பை. சூடும் ஈரமும் சேர்ந்த நம் ஊர் அலமாரியில் எட்டு வருடம் கிடந்த பைக்கு இது அடிக்கடி நேர்கிறது. அதை ஒட்டுப்போட வழியில்லை. உதறினால் உள்ளே கற்கண்டு போல உப்பு கலகலத்தாலும் எச்சரிக்கை. பூசண நாற்றம் வந்தால் கிருமிநீக்கி போட்டுக் கழுவாமல் வாயை வைத்து ஊத வேண்டாம். அந்தப் பைக்குள் வளர்ந்தது நுரையீரலுக்குப் போகும்.

ரெகுலேட்டரை இணைத்து, இன்ஃப்ளேட்டர் பொத்தானை இருபது முறை அழுத்தி விடுங்கள். ஒருமுறையாவது ஒட்டிக்கொண்டாலோ, அழுத்தாமலே மெல்லக் காற்று ஏறினாலோ உள்ளே உப்பு படிந்திருக்கிறது அல்லது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. தண்ணீருக்குள் இது நடந்தால் ஒரே வழி: இடது கையால் காற்று வெளியேற்றும் பொத்தானை அழுத்திக்கொண்டே, வலது கையால் குழாய் இணைப்பின் வளையத்தைப் பின்னால் இழுத்துக் கழற்றுவது. புதியதோ பழையதோ, எதை வாங்கினாலும் குளத்தில் இதைப் பத்து முறை செய்து பழகுங்கள். அதன்பின் வாயால் ஊதி மிதப்பைச் சரிசெய்வதையும் பழகுங்கள்.

பயன்படுத்திய பிறகு வெளியே மட்டும் கழுவினால் போதாது. காற்றுக் குழாய் இணைந்திருக்கும்போதே இன்ஃப்ளேட்டரை நல்ல தண்ணீரில் முக்கிப் பொத்தானை அழுத்தி விடுங்கள். பிறகு வாய்க்குழாய் வழியே இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி, காற்றடித்து, குலுக்கி, பின்பக்க வால்வு வழியே வடியுங்கள். வரும் தண்ணீர் கரிக்காத வரை செய்யுங்கள். பாதி ஊதிய நிலையில் நிழலில் தொங்க விடுங்கள். வெயிலில் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை இன்ஃப்ளேட்டரைச் சர்வீஸ் செய்யுங்கள்.

ஹேவ்லாக் போவதற்கு முன்பே புதிய பிசிடியோடு புதுச்சேரியில் இரண்டு டைவாவது இறங்கிவிடுங்கள். மிதக்கும் மெத்தை குறைந்திருப்பதால் ஈயத்தின் அளவு மறுபடியும் மாறியிருக்கும். கண்மட்டச் சோதனையைத் திரும்பச் செய்து, எண்ணை லாக் புத்தகத்தில் சூட், சிலிண்டர் விவரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். சிலிண்டர் பட்டையை இறுக்குவதற்கு முன் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த நைலான் நாடா நனைந்ததும் நீளும். உலர்ந்தபோது இறுக்கமாக இருந்த பட்டை ஐந்தாவது நிமிடத்தில் தளர்ந்து சிலிண்டர் நழுவும். இறுக்கிய பிறகு ஒரு கையால் பிசிடியைப் பிடித்து, மறு கையால் வால்வுக் கழுத்தைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். இம்மி நகர்ந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.